பாலைவனக் கூடார விழாவுக்குப் புறப்படுமுன் எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நால்வர், வரும் ஜெய்சால்மர் பாலைவனத் திருவிழாவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். சாம் மணல்மேட்டில் உள்ள ஒரு முகாமில் இரண்டு இரவுகள் தங்குவோம். எங்களில் யாரும் இதுவரை கூடாரத்தில் தங்கியதில்லை. போய்வந்த ஒருவர் டென்ட், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, நெற்றி விளக்கு, பவர் பேங்க் என்று நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார். இவற்றை பர்மா பஜாரில் வாங்கலாமா, இணையத்தில் வாங்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எங்கே வாங்குவது என்பதைவிட, எதை வாங்காமல் விடலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் பட்டியலில் அதிக விலையுள்ள பொருள் டென்ட். அதுதான் உங்களுக்குத் தேவையே இல்லாத பொருளும்கூட. ஜெய்சால்மரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாம் பகுதியில், கட்டில், மெத்தை, குளியலறையோடு ஏற்கெனவே அமைத்து வைத்த ‘ஸ்விஸ் டென்ட்’களைத்தான் முகாம்கள் வாடகைக்குத் தருகின்றன. நீங்கள் முகாமுக்குப் பணம் கட்டப்போகிறீர்கள் என்றால் அந்த வாடகையில் டென்ட்டும் அடக்கம்.

பிற்காலத்துக்கு உதவும் என்று வாங்கி வைக்கவும் வேண்டாம். டென்ட் துணியின் உட்புறத்தில் தண்ணீர் புகாதபடி பூசப்பட்டிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, உரியத் தொடங்கும். கடற்கரையை ஒட்டிய வடசென்னை வீட்டில், பரணில் மடித்து வைத்த டென்ட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரித்தால் பூஞ்சை வாடைதான் முதலில் வரும். தாங்களே டென்ட் அடித்துத்தான் தங்குவோம் என்று உறுதியாக இருப்பவர்கள் இந்த முறை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

மிச்சமாகும் அந்தப் பணத்தைக் குளிருக்குச் செலவிடுங்கள். பாலைவனம் என்றதும் வெயிலுக்கு மட்டுமே தயாராகிறவர்கள் நம்மில் அதிகம். நம் ஊரில் தை மாத இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்றில் உள்ள ஈரம், பகலில் தரை வாங்கிய சூட்டை எளிதில் வெளியேற விடாது. தார் பாலைவனத்தில் காற்றில் ஈரம் குறைவு, வானில் மேகமும் இல்லை. ஆகவே பகலில் கையில்லாச் சட்டையோடு நடக்க முடிந்த அதே மணலில், நள்ளிரவுக்குப் பின் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு தடித்த ஜெர்கின் வாங்குவதைவிட, உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக உடுத்துவதே பயனுள்ளது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். காதை மூடும் குல்லாவும் காலுறையும் கட்டாயம் வேண்டும். சௌகார்பேட்டையில் ராஜஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் நிறைய உண்டு. தெரிந்தவர்கள் இருந்தால், விழா நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஊருக்குப் போகும்போது என்ன எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். எந்த விளம்பரத்தையும்விட அது நம்பகமான ஆலோசனை.

முகாமில் ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) தருவார்கள் என்றால், ஆளுக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக் தேவைப்படுவது, மணல்மேட்டில் திறந்த வானத்தின்கீழ் படுக்க விரும்புகிறவர்களுக்குத்தான். அதை வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பிய, சர்வதேசத் தரநிலைகளின்படி சோதிக்கப்பட்ட பையில் கம்ஃபர்ட் (இதமாக உறங்கக்கூடிய வெப்பநிலை), லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று அளவுகள் தரப்பட்டிருக்கும். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லையைக் குறிக்கிறது. அந்தக் குளிரில் உறங்க முடியும் என்று அதற்குப் பொருள் கிடையாது. மலிவான பைகளில் பெரிய எழுத்தில் ஒரே ஓர் எண் மட்டும் அச்சிட்டிருந்தால், அது எந்த அளவு என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் பயணத்துக்குக் கம்ஃபர்ட் அளவு 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருப்பது பாதுகாப்பானது. உடல் எடையில் நசுங்கும் அடிப்பக்கப் பஞ்சு குளிரைத் தடுக்காது என்பதால், கீழே ஒரு ஃபோம் மேட்டும் அவசியம். கோரைப்பாய் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். தரைக் குளிரைத் தடுக்காது.

கடையிலேயே பையை விரித்து, உள்ளே படுத்து, ஜிப்பைக் கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை இழுத்துப் பாருங்கள். உள்துணி பல்லில் சிக்குகிறதா, உள்ளிருந்தபடியே திறக்க முடிகிறதா என்பவை அப்போதுதான் தெரியும். மெல்லிய பல் கொண்ட ஜிப்பில் பாலைவனத்தின் நுண்மணல் புகுந்துவிட்டால் அது சீக்கிரமே நின்றுபோகும். பல் பெரிதாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், துடைக்க ஒரு பழைய பல் தூரிகையும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, எங்கே வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பர்மா பஜாரில் விளக்கு, தண்ணீர் குடுவை, சிறு பைகள் போன்றவற்றைப் பேரம் பேசி வாங்கலாம். ஆனால் பவர் பேங்க்கை அதன்மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இல்லாமலோ, பில் இல்லாமலோ எங்கும் வாங்காதீர்கள். அது விலைக் கேள்வி மட்டுமன்று, தீ விபத்துக் கேள்வி. நைலான் கயிறு, தார்ப்பாய், உறுதியான டார்ச் ஆகியவற்றுக்குக் காசிமேட்டில் மீனவர்கள் வாங்கும் கடைகளைப் பாருங்கள். கடலுக்குக் கொண்டுபோகும் பொருள் பாலைவனத்தில் ஏமாற்றாது. ஸ்லீப்பிங் பேக்கையும் காலணியையும் உடலில் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும் என்பதால் இணையம் எனக்கு இரண்டாம் தேர்வுதான்.

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலங்கள் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்படுவதற்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாமலே உடலில் நீர் குறையும். அங்கே இது வெறும் முன்னெச்சரிக்கைப் பொருளாக இருந்துவிடாது.

கேள்வி: இதே போன்ற பயணத்துக்காக ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். வீட்டில் முதல் முறை விரித்தபோதே ஜிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அந்த வாசகம் உங்களைக் கட்டுப்படுத்தாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் கடை இதைச் செய்தாக வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். ஆனால், நிறம் பிடிக்கவில்லை, பயணம் ரத்தாகிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தர இந்த விதி உதவாது. பொருளில் குறை இருக்க வேண்டும். ஜிப்பைத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துவிடாமல், அப்படியே படம் எடுத்து, கடைக்கு எழுத்துமூலமாக ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ உடனே அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பை ரயிலில் கொண்டுபோகலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கூடாது. எரிவாயு அடைத்த குப்பி சிறியதாக இருந்தாலும் ரயிலில் தடை செய்யப்பட்டதே; ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் தருகிறது. விமானத்திலும் அனுமதி இல்லை. விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்று குறிப்பிட்டது ஏறத்தாழ 74 வாட்-மணி.

கேள்வி: விழா நாளில் தங்க முகாம் ஒன்றுக்கு யுபிஐ மூலம் முன்பணம் அனுப்பினேன். மணல்மேட்டை ஒட்டிய டென்ட் என்றார்கள். இப்போது விசாரித்தால் அது பல கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரத்தில் இருக்கிறதாம். பணத்தைக் கேட்டால், ஜெய்சால்மருக்கு வந்து வழக்குப் போடுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், எண்ணூர்

பதில்: அவர்கள் சொல்வது தவறு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் ஜெய்சால்மருக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் செய்யலாம்.

அதற்குமுன் உங்கள் ஆதாரங்களைத் திரட்டுங்கள். ‘மணல்மேட்டை ஒட்டி’ என்று அவர்கள் அனுப்பிய செய்தி, விளம்பரப் படம், பணம் சென்றதற்கான யுபிஐ எண், முகாமின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடப் பக்கம் ஆகியவற்றை இன்றே படமெடுத்துச் சேமியுங்கள், அவர்கள் பக்கத்தை மாற்றிவிடக்கூடும். தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால், பேசியதை நினைவூட்டி ஒரு செய்தி அனுப்பி அவர்களுடைய பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி முன்பதிவு செய்யப்போகும் மற்றவர்கள் தேதியையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விழா வட இந்திய நாள்காட்டியின் மாக மாதப் பௌர்ணமியையொட்டி நடப்பதால், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையே மாறும். ராஜஸ்தான் சுற்றுலாத் துறை அந்த ஆண்டுக்கான தேதியை அறிவித்த பிறகே பணம் அனுப்புங்கள். அனுப்புமுன் டென்ட் இருக்கும் இடம், ஆளுக்கு எத்தனை ரஜாய், வெந்நீர் எந்நேரம் கிடைக்கும், உணவும் ஒட்டகச் சவாரியும் சேர்ந்த விலையா, ஜெய்சால்மரிலிருந்து வண்டி உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை ஒரே செய்தியில் கேட்டு, ஒரே செய்தியில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.