ரூட் கேனால் பண்ணின பல்லுல ரெண்டு வருஷம் கழிச்சு சீழ் வருது, திரும்பவும் பண்ணலாமா இல்ல பிடுங்கிரலாமா?

எனக்கும் இதேதான் நடந்துச்சு. நான் திரும்ப பண்ணினேன், பல்லு இப்பவும் வாயில இருக்கு. ஆனா நீங்க பண்ணலாமான்னா, முதல்ல பண்ணினது ஏன் சரியாகல்லன்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும். அதை டாக்டர்கிட்ட கேக்காம ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.

எனக்கு மேல் கடவாப்பல்லு. ரூட் கேனால் முடிச்சி ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல, பெறவு மரச்சீனி கிழங்கு மெல்லும்போ அந்த பக்கம் அமுங்குன மாதிரி ஒரு நோவு, ஈறுல பரு மாதிரி ஒண்ணு வரும், அமுக்கினா சீழ் வரும், ரெண்டு நாள்ல வத்திரும், திரும்ப வரும். நரம்பைத்தான் எடுத்தாச்சுல்லா, எப்படி வலிக்கும்னு எல்லாரும் கேட்டாங்க. நரம்பு இல்லாதது பல்லுக்குள்ள மட்டும்தான், வேரை சுத்தி இருக்க எலும்புக்கும் சவ்வுக்கும் உணர்ச்சி உண்டும், கிருமி வேர் நுனி வழியா அங்க போயிதான் வலிக்குது.

மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி மூணு தடவை தின்னேன், அதை நீங்க செய்யாதீங்க. வீக்கம் குறையும், அவ்வளவுதான். நரம்பு எடுத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டம் இல்ல, மாத்திரை அங்க எப்படி போய் சேரும்? கிருமி உள்ளயே பத்திரமா இருக்கும்.

கடைசில நாகர்கோவில்ல ரூட் கேனாலுக்குன்னே எம்டிஎஸ் (பல் மருத்துவ மேல்படிப்பு) படிச்ச ஒரு டாக்டரை பாத்தேன். அவங்க அந்த பரு ஓட்டைக்குள்ள ஒரு மெல்லிய ரப்பர் குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க, குச்சி நேரா எந்த வேர் நுனிக்கு போகுதுன்னு படத்துல தெரிஞ்சிட்டு. பெறவு பல்லை எல்லா பக்கமும் முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன். மேல் முதல் கடவாப்பல்லுல மூணு வேர்தான், ஆனா கன்னத்து பக்கம் முன்னால இருக்க வேர்ல நரம்பு ஓடுற குழாய் ரெண்டாவதா ஒண்ணு நிறைய பேருக்கு இருக்குமாம், ரொம்ப சன்னமானது, சாதா எக்ஸ்ரேல ஒண்ணுக்கு பின்னால ஒண்ணு மறைஞ்சிரும். எனக்கு அதைத்தான் விட்டிருந்தாங்க. போதாததுக்கு தற்காலிக அடைப்போட நாலு மாசம் கேப் போடாம நானும் நடந்திருக்கேன், அது வழியா எச்சில் கசிஞ்சாலே கிருமி உள்ள போயிரும்.

திரும்ப பண்றது முதல் தடவையை விட நேரம் பிடிக்கும். கேப்பை எடுத்து, குழாய்க்குள்ள அடைச்சிருந்த பழைய ரப்பரை கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி, மைக்ரோஸ்கோப் வச்சி அந்த நாலாவது குழாயை கண்டுபிடிச்சி, மருந்து தண்ணி விட்டு கழுவி, கால்சியம் மருந்து வச்சி ரெண்டு வாரம் விட்டு அப்புறம்தான் அடைச்சாங்க. பல்லை மட்டும் வெளிய விட்டு வாயை ரப்பர் ஷீட் போட்டு மறைச்சிருந்தாங்க, எச்சில் உள்ள போகக்கூடாதுன்னு. உங்க டாக்டர் அதை போடுவாரான்னு கண்டிப்பா கேளுங்க. முதல் தடவை எனக்கு போடல்ல. செலவும் கூடுதல்தான், அதை மறைக்கல்ல.

பரு பத்து நாள்ல போச்சு. ஆனா எலும்பு ஆறுறது மெதுவா, ஆறு மாசம் கழிச்சி எடுத்த எக்ஸ்ரேல வேர் நுனில எலும்பு கரைஞ்ச இடத்து கறுப்பு பாதிதான் குறைஞ்சிருந்து, ஒரு வருஷத்துல ஏறக்குறைய போயிட்டு. அதனால ஒரு மாசத்துல எக்ஸ்ரே எடுத்து சரியாகல்லன்னு பயந்திராதீங்க.

எல்லா பல்லும் இப்படி தேறாது. எங்க அம்மைக்கு கீழ் கடவாப்பல்லு, வேர் நெடுக விரிசல், ஒரே ஒரு இடத்துல மட்டும் ஈறு ஆழமா இறங்கியிருந்து. அதே டாக்டர்தான், இதுல ரூபாய் போடாதீங்க, எடுத்திருவோம்னு சொன்னாங்க, எடுத்தாச்சு. விரிசல் இல்ல, ஆனா உள்ள போக முடியாதபடி வேருக்குள்ள போஸ்ட்ங்கிற கம்பி போட்டு இறுக்கி வச்சிருக்குன்னா ஈறை கீறி வேர் நுனியை மட்டும் வெட்டி அடைக்கிற ஆபரேஷனும் உண்டு, அதையும் கேட்டு வைங்க.

முகம் வீங்கி காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமா இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, ராத்திரி ஆனாலும் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.