மொழிபெயர்ப்பு பழகுவோர் கேள்விகள்: கோத்தகிரியிலிருந்து பதில்கள்

(கல்லூரியில் மொழிபெயர்ப்புத் தாள் நடத்தி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

குன்னூர் மாணவி: சார், ஆங்கிலம் படித்தால் புரிகிறது. தமிழில் எழுதினால் கல்லும் மண்ணுமாக வருகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதேம்மா. ஆங்கிலம் ஆளை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் விவரம் முன்னால், ஆள் கடைசியில்: 'மழையில் நனைந்து வந்த தபால்காரர்'. இப்படி மூன்று விவரம் சேர்ந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். இரண்டு வாக்கியமாக வெட்டு. மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வெட்டுவதில்லை. அப்புறம், எழுதியதை வாய்விட்டுப் படி. ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு. போப் தமிழகம் வந்தது 1839இல். அவருடைய குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886இல். உனக்கு இரண்டாம் ஆண்டுதான் ஆகிறது.

ஊட்டி மாணவர்: செயலியே மொழிபெயர்க்கிறதே, எதற்குப் படிக்க வேண்டும்?

பதில்: ஆங்கில 'வி' (we) தமிழில் நாமா, நாங்களா? கூலிப் பேச்சில் தோட்ட நிர்வாகி சொல்லும் 'வி'யைத் தப்பாக எடுத்தால் பேச்சே வேறாகிவிடும். செயலி ஏதோ ஒன்றைப் போட்டுவிடும். சரிபார்க்க ஆள் வேண்டாமா?

வீட்டில் படுகு (நீலகிரி படுகர்களின் மொழி) பேசும் மாணவி: தமிழில் பின்தங்கிவிடுவேனா?

பதில்: ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவுவதை மற்றவர்கள் இப்போதுதான் தொடங்குகிறார்கள். நீங்கள் மூன்று வயதிலேயே தொடங்கிவிட்டீர்கள்.

கோத்தகிரி மாணவர்: 'கிரீன் லீஃப்' என்பதைப் 'பச்சை இலை' என்றேன். அடித்துவிட்டார்கள்.

பதில்: பசுந்தேயிலை, அதாவது பறித்து இன்னும் தூளாக்காத இலை. நம் மாவட்டச் செய்தியில் அடிக்கடி வருகிற சொல். என் மாணவன் ஒருவன் 'கிரீன் டீ விலை' என்றே எழுதினான். அவன் அப்பாவுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம்! 'புரூனிங்' (செடியை வெட்டிவிடுவது) என்றால் கவாத்து. 'பாட் லீஃப் ஃபேக்டரி'யை 'வாங்கிய இலைத் தொழிற்சாலை' என்று எழுதி மானத்தை வாங்காதீர்கள். விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் ஆலை என்று விளக்கி எழுதுங்கள். முதலில் தோட்டத்தில் கேளுங்கள், அகராதி அப்புறம்.

குன்னூரிலிருந்து ஒருவர்: தோட்டத்தில் யார் பசுந்தேயிலை என்கிறார்கள்? கொழுந்துதான்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கதையில் தொழிலாளி பேசினால் கொழுந்து. விலை அறிவிப்பில் பசுந்தேயிலை.

அவரே: மக்கள் சொல்வதை விட்டுவிட்டு அறிவிப்புத் தமிழா?

பதில்: அறிவிப்பை மொழிபெயர்த்தால் அறிவிப்புத் தமிழ்தான். இதையும் தோட்டத்திலேயே கேட்டுப் பாருங்களேன்.

கொடைக்கானல் மாணவர்: செயலி இருக்கும்போது...

பதில்: இதே கேள்வி மறுபடியுமா? மேலே பார்க்கவும்.

ஊட்டி மாணவி: 'ஃப்ராஸ்ட்', 'ஃபாக்' இரண்டும் பனிதானே?

பதில்: ஜனவரியில் புல்லை வெளுக்க வைப்பது உறைபனி, சாலையை மறைப்பது மூடுபனி. ஊட்டிக்காரரே இதைக் கேட்கலாமா?

மறுபடியும் குன்னூர்க்காரர்: பாட்டியிடம் கேட்டேன் சார். முற்றின இலையைக் கொழுந்து என்று சொல்ல மாட்டாராம்.

பதில்: ஆலைக்குப் போகிற மூட்டையில் முற்றலும் கலந்துதானே இருக்கிறது? அப்படியானால் பாட்டி என் பக்கம்.