மைனஸ் 9.6

அன்புள்ள ஐயா,

முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். புழக்கத்தில் உள்ள மருந்துகளை, கொரோனா வைரஸின் முக்கியப் புரோட்டீஸ் நொதியோடு கணினியில் டாக்கிங் செய்து, அதாவது நொதியின் குழியில் மருந்து எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணித்துப் பார்த்தேன். பழைய ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுக்கு மைனஸ் 9.6 கிலோகலோரி வந்தது; எண் கீழே போகப் போக ஒட்டு இறுக்கம், பட்டியலில் அதுதான் முதல். பாதுகாப்பானது என்று ஏற்கெனவே தெரிந்த மருந்துதானே, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? எந்த மென்பொருள் இன்னும் துல்லியமானது?

க.

அன்புள்ள க.,

மென்பொருளைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். ‘பாதுகாப்பானது என்று தெரிந்த மருந்துதானே’ என்கிறீர்களே, கொஞ்ச நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. வழியும் தவறில்லை. வைரஸ் தன் நீளமான புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் பெருக முடியும். வெட்டும் அந்தப் புரோட்டீஸ் நொதியின் குழியை அடைத்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஜப்பானின் கொரோனா மருந்தான என்சிட்ரெல்விர் இப்படிக் கணினியில் சலித்தெடுத்த மூலக்கூறிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அதன் பிறகு வேதியியலாளர்கள் அதை மாற்றி மாற்றிச் செதுக்கினார்கள்.

உங்கள் மைனஸ் 9.6க்கு வருகிறேன். சாதாரண டாக்கிங்கில் புரதம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கணிப்பு இரண்டு கிலோகலோரி முன்னே பின்னே போவது சகஜம். 1.4 கிலோகலோரி மாறினாலே பிணைப்பு பத்து மடங்கு மாறிவிடும். அப்படியிருக்க, பட்டியலில் முதலில் வந்தது என்பதற்கு என்ன மதிப்பு?

சரி, நிஜமாகவே ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு மருந்து இருந்தால் ஒட்டும்? 2020இல் புழு மருந்தான ஐவர்மெக்டின் சோதனைக் குழாயில் வைரஸை அடக்கியது, 5 மைக்ரோமோலார் அளவில். வழக்கமான டோஸில் ரத்தத்தில் சேர்வது அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது அந்தக் குறைந்த டோஸ்தான். உங்கள் மாத்திரையும் அப்படித்தான். வைரஸை நிறுத்தும் அளவுக்கு டோஸை ஏற்றினால், அதற்கு முன்பே நோயாளியின் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். இதை யோசிக்காமல் மருத்துவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

மலேரியா மருந்தான குளோரோகுயினையும் பாருங்கள். குரங்கின் சிறுநீரகச் செல்லில் வைரஸை நிறுத்தியது. மனித நுரையீரல் செல்லில் நிறுத்தவில்லை. அங்கே வைரஸ் நுழைய வேறு வாசல் இருந்தது. அதன் உறவு மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பலனில்லை என்று 2020 ஜூனில் ரெக்கவரி என்ற பிரிட்டனின் பெரிய மருத்துவ ஆய்வு சொன்னது. அதற்குள் உலகம் முழுக்க மக்கள் அதை வாங்கிக் குவித்துவிட்டார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு அதைத் தினமும் சாப்பிடும் என் தோழி, மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைத் தள்ளினாள். மூட்டுகள் வீங்கி, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆதாரம் வருமுன் ‘கொடுத்துப் பார்க்கலாமே’ என்று உலகம் அவசரப்பட்டதற்கு, தான் கேட்காத விலையை அவள் கொடுத்தாள்.

மூட்டுவாத மருந்தான பாரிசிட்டினிபையும் கொரோனாவுக்கு 2020 பிப்ரவரியில் கணினிதான் கைகாட்டியது. முறையான சோதனைகளில் தேறிய பிறகே அது சிகிச்சையில் நிலைபெற்றது.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாத்திரையை வழக்கமான டோஸில் சாப்பிட்டால் ரத்தத்தில் உச்ச அளவு எவ்வளவு, அதில் ரத்தத்தின் புரதங்களோடு ஒட்டாமல் மிஞ்சுவது எவ்வளவு என்று தேடி எடுங்கள். பிறகு ஒரு ஆய்வகத்தைப் பிடித்து, நொதியிலும் நுரையீரல் செல்லிலும் சோதிக்கச் சொல்லுங்கள். தோற்றால் அதையும் வெளியிடுங்கள். அந்த எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.