57 வயதில் ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள் – பதில்

வணக்கம் ஐயா. அசெம்பிளி லைனில் நாள் முழுக்க நின்று முழங்கால் போய்விட்டது, வேகம் போதவில்லை, நீங்களாகவே எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் நெருக்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகினால், நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் சில உரிமைகள் கைநழுவக்கூடும். தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ முதலில் பேசுங்கள்.

வேகக் குறைவுக்கு வயதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவின் டிங்கோல்ஃபிங் ஆலையில் 2007-ல் ஒரு லைனில் சராசரி வயது 47 வரும்படி ஆட்களைப் போட்டார்கள். மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, உயரம் மாற்றும் மேசை என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். பல யோசனைகள் தொழிலாளர்களே சொன்னவை. பெரிய செலவும் இல்லை. ஒரே வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது!

நீங்களும் எந்தக் கட்டத்தில் வலி வருகிறது, என்ன மாற்றினால் குறையும் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அப்புறம் மருத்துவர் சான்றோடு எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.