கண் தாவுகிறது, காட்சி ஏன் தாவுவதில்லை?

கேள்வி: செல்போனை வேகமாகத் திருப்பி வீடியோ எடுத்தால் படம் கலங்கிப்போகிறது. நம் கண்ணும்தான் நாள் முழுக்க அங்கும் இங்கும் ஓடுகிறது. நாம் பார்ப்பது மட்டும் ஏன் கலங்குவதில்லை?

பதில்: விழித்திரையில் விழும் படம் கலங்கத்தான் செய்கிறது, மூளை அதை நமக்குக் காட்டுவதில்லை.

கூர்மையான பார்வை நமக்கு ரொம்பச் சின்ன இடத்தில்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரிகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு. அதனால் எதைப் பார்த்தாலும் கண் நொடிக்குச் சுமார் 3 முறை இடம் மாறித் தாவியாக வேண்டும். படிக்கும்போது ஒரு தாவலுக்கு 30 மில்லிசெகண்ட் போல ஆகும், அந்த நேரத்தில் மூளை பார்வையை மட்டுப்படுத்திவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, கலங்கல் போயிற்று. தாவி முடித்ததும் எல்லாமே இடம் மாறித் தெரிய வேண்டுமே, அது ஏன் இல்லை? எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமைக்கு மேலாக விரலால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, தட்டிப் பாருங்கள், காட்சி ஆடும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விழியை நீங்களாகத் திருப்பும்போது, தசைகளுக்குப் போகும் கட்டளையின் ஒரு நகல் மூளையின் பார்வைப் பகுதிகளுக்கும் போய்விடுகிறது, அவை அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன. விரல் தள்ளும்போது அந்த நகல் கிடையாது, அதான் ஆட்டம். 1992இல் டுஹாமெல், கோல்பி, கோல்ட்பர்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் குரங்குகளின் மூளையில் இன்னொன்றைக் கண்டார்கள்: பார்வை நரம்பணு ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு சிறு பகுதியைத்தான் கவனிக்கும்; கண் தாவுவதற்கு முன்பே அவற்றில் சில, தாவிய பிறகு தங்கள் பங்குக்கு வரப்போகும் இடத்தில் தெரிவதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன!

அப்புறம் அந்த இடைவெளி நேரம் எங்கே போகிறது? சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தால் முதல் நொடி மட்டும் நீளமாகத் தோன்றுமே, முள் நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் நினைப்போமே, அங்கேதான். தாவிய நேரத்தையும் மூளை அந்த முதல் காட்சியோடு சேர்த்துவிடுகிறது. நொடி முள் டிக் டிக்கென்று நின்று நின்று நகரும் கடிகாரத்தில் பாருங்கள், வழுக்கிக்கொண்டே சுற்றும் முள்ளில் இது பிடிபடாது.