காய்ச்சல் எத்தனையாவது நாள்?
வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: சாதாரண ஜலதோஷத்துக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? சளி பச்சையாக மாறிவிட்டால் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமா?

பதில்: எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். ஜலதோஷம் படிப்படியாக வரும். முதலில் தொண்டை கரகரக்கும், மறுநாள் தும்மலும் மூக்கொழுகலும், பிறகு இருமல். காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும், எழுந்து நடமாட முடியும். ஃப்ளூ திடீரென்று அடிக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் 102 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி என்று படுத்துவிடுவார். முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

பச்சைச் சளிக்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம், நான்காம் நாள் நிறம் மாறும். நீங்கள் எண்ண வேண்டியது நாட்களை. 10 நாளாகியும் கொஞ்சமும் குறையாத மூக்கடைப்பு, அல்லது குறைந்துவந்த தொல்லை ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சலோடும் முகவலியோடும் திரும்புவது, இந்த இரண்டும் சைனஸில் பாக்டீரியா புகுந்திருக்கலாம் என்று காட்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு மூன்று நாள் 103 டிகிரி காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் விட்டுவிட்டது. ஆனால் முன்பைவிடச் சோர்ந்து கிடக்கிறார், வயிறு வலிக்கிறது என்கிறார். காய்ச்சல் விட்ட அசதிதானே?

பதில்: இந்தக் கடிதம் வந்தவுடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லித் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது இறங்கிய பிறகு.

டெங்குக் காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை இருக்கும். அது தணியும் கட்டத்தில், பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேரும். குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் சரியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த இரண்டு நாளைச் சரியான அளவு திரவம் கொடுத்துத் தாண்டிவிட்டால் பெரும்பாலானோர் நன்றாகிவிடுவார்கள்.

எனவே காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து, தேதியும் நேரமும் போட்டுக் குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனை செய்வது என்பதும் அந்த எண்ணைப் பொறுத்ததுதான். முதல் 5 நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். நாள் தவறி எடுத்தால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

விடாத வயிற்றுவலி, ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், நிலைகொள்ளாத தவிப்பு அல்லது அளவுக்கு மீறிய மயக்கம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் புறப்பட்டுவிடுங்கள். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது 20 அல்லது அதற்குக் கீழே சுருங்குவது அபாயம், மேல் எண் 100 இருந்தாலும் கூட.

எல்லோரும் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே அறிக்கையில் ஹீமட்டோகிரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. தட்டணு குறையக் குறைய அது ஏறிக்கொண்டே போனால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையைப் படித்து அதையும் கணக்கில் சேருங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மூன்றையும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடாதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி. நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்கிறது. நிமோனியாவாக இருக்குமோ?

பதில்: சத்தத்தைவிட வேகம் முக்கியம். மூக்கில் அடைத்த சளியும் நெஞ்சில் கைவைத்தால் அதிரும். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறு வரும், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால், மூக்குத் துவாரம் விரிந்தால், முனகினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே ஓடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம்தான், வேறு அறிகுறி ஏதும் தேவையில்லை.

கேள்வி: வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். கண் குழி விழும், நாக்கு உலரும், அழுதால் கண்ணீர் வராது, குழந்தை தண்ணீரைக் கண்டதும் ஆவலாகப் பிடுங்கிக் குடிக்கும். தொப்புளுக்கும் இடுப்போரத்துக்கும் நடுவில் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாமல் மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு வினாடிக்கு மேல் நின்றாலோ, குழந்தை குடிக்கக்கூட முடியாமல் துவண்டாலோ சிரைவழித் திரவம் (டிரிப்ஸ்) ஏற்ற வேண்டியிருக்கும். முதியவர்களுக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நாக்கையும் சிறுநீரின் அளவையும் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரலாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது.

கேள்வி: வயிற்றுவலி வாயுவா, குடல்வால் அழற்சியா?

பதில்: வலி இடம் மாறியதா என்று கேளுங்கள். குடல்வாலில் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வலது அடிவயிற்றில் வந்து நிலைக்கும். பசி போய்விடும், வலி வந்த பிறகே வாந்தி வரும், இருமினாலும் குதித்தாலும் வலிக்கும். வாயுவலி விட்டு விட்டு வரும், காற்றுப் பிரிந்தால் தணியும். சந்தேகம் இருந்தால் பேதி மருந்து வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால், கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். அது இதைவிடவும் அவசரம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. மேல்வயிறு அழுத்துகிறது, வியர்க்கிறது என்கிறார். அமிலத்துக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு உணர்வு மழுங்கியிருக்கலாம் என்பதால் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரக்கூடும். குளிர்ந்த வியர்வை, மூச்சுவாங்கல், குமட்டல், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத அசதி என்று மட்டும் வரலாம். இப்படி வந்தால் நடக்க விடாமல் உட்கார வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. வலி தொடங்கிய நேரத்தையும், அவர் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கக்கூடும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும், சில மணி நேரம் கழித்து இன்னொரு இ.சி.ஜி.யும் எடுப்பார்களா என்று கேளுங்கள்.