தராசு மூன்று பதில் சொல்லும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகள் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆகஸ்டில் கேம்பஸ் இன்டர்வியூ ஆரம்பம், ஐந்நூறு புதிர் உள்ள பிடிஎஃப்பை பிரிண்ட் எடுத்து ராத்திரி இரண்டு மணி வரை மனப்பாடம் செய்கிறாள், ஆனாலும் காலேஜில் வைத்த மாதிரி நேர்காணலில் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோச்சிங்கில் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த பிரிண்டை வாங்கிக் கடையில் பொட்டலம் மடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பையனிடம் குதிரைக் கணக்கு கேட்டேன். 25 குதிரை, ஒரு ஓட்டத்தில் ஐந்துதான் ஓடலாம், கையில் கடிகாரம் கிடையாது. வேகமான மூன்று குதிரைகளைக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை ஓட்டம் வேண்டும்? கேட்டு முடிப்பதற்குள் "ஏழு சார்" என்றான். சரியான விடைதான். "முதல் குதிரை மட்டும் போதும் என்றால்?" என்றேன். முழித்தான். ஐந்து ஓட்டம், பிறகு ஜெயித்த ஐந்தையும் சேர்த்து ஓடவிட்டால் ஆறு, அவ்வளவுதான். ஏழு எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் ஆறு தானாக வந்திருக்கும். நேர்காணலில் எதிரே உட்காருகிறவரும் அதே பிடிஎஃப்பைப் பார்த்தவர்தான். அதனால்தான் கணக்கை ஒரு திருகு திருகிக் கேட்கிறார்.

இப்போது உங்கள் கடைக்கே வருவோம். பழைய தட்டுத் தராசு பரணிலாவது கிடக்கும். எட்டு உருண்டை, பார்க்க எல்லாம் ஒன்றுபோல, ஒன்றுமட்டும் கனம் கூடுதல். படிக்கல் கிடையாது. இரண்டே எடையில் அதைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் நாலுக்கு நாலு வைப்பார்கள், இறங்கிய பக்கத்தை இரண்டுக்கு இரண்டு, அப்புறம் ஒன்றுக்கு ஒன்று. மூன்று எடை ஆகிவிடும். தட்டு இரண்டு என்பதால் பதிலும் இரண்டு என்று நினைத்ததுதான் தப்பு. இடது இறங்கலாம், வலது இறங்கலாம், முள் நேராகவும் நிற்கலாம். தராசு மூன்று பதில் சொல்லும், அண்ணாச்சி. முப்பது வருஷம் தராசு பிடித்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே 3, 3, 2 என்று பிரியுங்கள். மூன்றுக்கு மூன்று வைத்து ஒரு பக்கம் இறங்கினால், அந்த மூன்றில் இரண்டை எடுத்து ஒன்றுக்கு ஒன்று. அதிலும் முள் நேராக நின்றால் தட்டில் ஏறாத மூன்றாவதுதான் கனமானது. முதல் எடையிலேயே முள் நேராக நின்றால் வெளியே இருக்கும் இரண்டை ஒன்றுக்கு ஒன்று வையுங்கள். இதே வழியில் ஒன்பது உருண்டைக்கும் இரண்டு எடை போதும், 27 என்றால் மூன்று. பதில் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டாக மட்டும் வரும் இடத்தில் பாதி பாதியாகப் பிரிப்போம். அகரவரிசையில் அடுக்கிய 1000 பெயரில் ஒன்றைத் தேட, நடுவில் திறந்து திறந்து பார்த்தால் பத்துத் தடவைக்குள் முடியும், ஏனென்றால் பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1024. அதற்குப் பெயர் பைனரி சர்ச். உங்கள் மகள் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருப்பாள். புதிர் வேறு, பாடம் வேறு என்று நினைத்திருப்பாள்.

வெறும் புதிருக்கு மவுசு குறைந்துவிட்டது என்பதும் உண்மை. கூகுளில் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற ரகக் கேள்விகளெல்லாம் நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியிலேயே சொல்லிவிட்டார். இங்கே மற்ற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கும் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் ஆன்லைன் தேர்வில் கணக்கையும் லாஜிக்கையும் நேரம் வைத்துக் கேட்கும். அதற்கு வேகப் பயிற்சி போதும், ஒரு மாதத்தில் வந்துவிடும். நேரில் உட்காரவைத்துக் கேட்பது புரோகிராம். அங்கேதான் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்கிறேன், மகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நீளமான பட்டியலில் எந்த இரண்டு எண்ணைக் கூட்டினால் 500 வரும்? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது முதல் வழி. பட்டியலில் ஒரு லட்சம் எண் இருந்தால் ஏறத்தாழ 500 கோடி ஜோடி வரும். இரண்டாவது வழி உங்கள் கடன் நோட்டு மாதிரி. 130 கையில் வந்தால் வேண்டியது 370. அது முன்னாலேயே வந்திருக்கிறதா என்று நோட்டைப் பார், இல்லையென்றால் 130-ஐ எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போ. ஒரே நடையில் பட்டியல் முடிந்துவிடும். அந்த நோட்டைத்தான் அவள் படிப்பில் ஹேஷ் மேப் என்கிறார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பட்டியலில் 250 ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்று வையுங்கள். நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தால் 250 தன்னோடு தானே ஜோடி சேர்ந்துவிடும். பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்த ஒரு வரியை மகள் தானாகச் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி. ஆரம்பிக்கும் முன்பே "ஒரே எண் இரண்டு தடவை வருமா? ஜோடியே இல்லையென்றால் என்ன சொல்ல வேண்டும்?" என்று எதிரே இருப்பவரிடம் கேட்டால் மீதியும் நிம்மதி. கேள்வி கேட்டால் மார்க் குறையும் என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம், பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருவது.

பழகும் முறை பெரிய வித்தை இல்லை. லீட்கோடு என்று புரோகிராம் பழக ஒரு இணையதளம் இருக்கிறது. அதில் 'ஈஸி' என்று போட்டிருக்கும் அரே (பட்டியல்), ஸ்ட்ரிங் (எழுத்துக் கோவை) கணக்குகளில் ஒரு நாளைக்கு இரண்டு. முதலில் காகிதத்தில், பிறகு கம்ப்யூட்டரில். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லையென்றால் விடையைப் பார்க்கட்டும், தப்பில்லை. நாலு நாள் கழித்து அதையே பார்க்காமல் எழுத வேண்டும். பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும்.

அப்புறம் உங்கள் வேலை. ராத்திரி கடை சாத்தியதும் இருபது நிமிஷம் உட்கார்ந்து, அன்றைக்குப் போட்ட கணக்கை உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், தமிழிலேயே. உங்களுக்கு புரோகிராம் தெரியாதது நல்லதுக்குத்தான், புரியாத இடத்தில் "ஏன்?" என்று கூச்சமில்லாமல் கேட்பீர்கள். தமிழில் தட்டாமல் வந்த பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியத்தில் சொல்லட்டும். மாதிரி நேர்காணலில் அவள் பேசாததற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசிக்கும்போது வாய்விட்டு யோசித்துப் பழக்கமில்லை, அதுதான்.

கோச்சிங் விஷயம். பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை தடவை பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பீர்கள்? சரியான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "வேலை நிச்சயம்" என்று போர்டு வைத்த இடமென்றால் உள்ளேயே போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தராசை இறக்கி வைத்து மகளிடம் இதைக் கொடுங்கள்: பன்னிரண்டு உருண்டை, ஒன்று மட்டும் வேறு. அது கனமா, லேசா என்று தெரியாது. மூன்று எடையில் உருண்டையையும் பிடிக்க வேண்டும், கனமா லேசா என்றும் சொல்ல வேண்டும். அநேகமாக ஆறுக்கு ஆறு வைக்கப் போவாள். அப்போது தடுத்து, "இப்படி வைத்தால் இன்னும் எத்தனை சாத்தியம் மிச்சம், மீதி இரண்டு எடை எத்தனையைப் பிரிக்கும்?" என்று கேளுங்கள். மிச்சம் பன்னிரண்டு, பிரிக்க முடிவது ஒன்பது. இதை அவளே சொல்லிவிட்டு முதல் எடையை மாற்றி வைத்தால், எதற்கு எதை வைத்தாள் என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.